ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினான்கு ரிப்பன்கள்

நிரந்தர எண்மக் காப்பகத்தின் தலையாய நோக்கம், அங்கே வந்து சேரும் கணினிக் கோப்புகள் யாவும் நூறு ஆண்டு கழித்தும் மக்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பது. அந்த நோக்கத்துக்காக அங்கே போட்டிருந்த முதல் விதி, எந்தக் கோப்பையும் யாரும் திறக்கக்கூடாது என்பது.

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. கணினியில் ஒரு கோப்பைத் திறந்தால், 'கடைசியாகத் திறந்த நாள்' என்ற இடத்தில் இன்றைய தேதி வந்து உட்கார்ந்துகொள்ளும். தேதி மாறிவிட்டால் அது பழைய கோப்பு இல்லை. பழைய கோப்பு இல்லையென்றால் அதற்குக் காப்பகத்தில் என்ன வேலை? ஆகவே திறக்கப்பட்ட கோப்பு, திறந்த அந்த நிமிடமே காப்பகத்தில் இருக்கும் தகுதியை இழக்கிறது. பதினோரு பேர் கொண்ட குழு நான்கு மாதம் உட்கார்ந்து கண்டுபிடித்த உண்மை இது. ஆண்டறிக்கையில் வருடம் தவறாமல் ஒரு வரி தடித்த எழுத்தில் வரும்: "இவ்வாண்டும் ஒரு கோப்புகூடத் திறக்கப்படவில்லை. பாதுகாப்பு நூறு சதவீதம்."

திறக்காத கோப்புக்குள் என்ன இருக்கிறதென்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் மீத்தரவு. அதாவது தரவைப் பற்றிய தரவு. இயக்குநர் ஒரு மாநாட்டுக்காக விமானம் ஏறிப் போய்விட்டு வந்தபோது கையோடு கொண்டுவந்த சொல் அது. அவர் வந்து இறங்கிய மறுநாளிலிருந்து அலுவலகத்தில் வேறு பேச்சே கிடையாது. நாற்காலியின் முதுகில் 'நாற்காலி' என்று சீட்டு ஒட்டினார்கள். அந்தச் சீட்டின் கீழே இன்னொரு சீட்டு, ஒட்டியவர் யார், ஒட்டிய நாள் எது, பயன்படுத்திய பசை எது என்று. துணை இயக்குநர் ஒரு விருந்தில் தன் வீட்டுக்காரம்மாவை அறிமுகம் செய்யும்போது, "இவங்க என் மனைவி. திறவுச்சொற்கள்: பொறுமை, சிக்கனம், மூட்டுவலி" என்றாராம். அந்த அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை என்று கேள்வி.

ஒவ்வொரு கோப்புக்கும் அறுபத்து நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு விவரச்சீட்டு. கோப்பின் மொழி, அதன் பண்பாட்டு முக்கியத்துவம், பார்ப்பவர் மனத்தில் எழக்கூடிய உணர்வு, படம் என்றால் அதில் இருப்பவர்கள் இடமிருந்து வலமாக, இப்படி எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. எதைக் கொண்டு திறக்க வேண்டும் என்பதற்கு மட்டும் கட்டம் கிடையாது. குழுவில் ஒருவர் அதைக் கேட்கத்தான் செய்தார். "அப்படிப் போட்டா, திறங்கன்னு நாமே கூப்பிடுற மாதிரி ஆயிடாதாய்யா?" என்று இயக்குநர் கேட்டதும் அவர் உட்கார்ந்துவிட்டார்.

இந்தச் சீட்டுகளை நிரப்புகிறவர்தான் நம்முடைய ஆள். பதவியின் முழுப்பெயர் முதுநிலை மீத்தரவு விவரணையாளர். அவ்வளவையும் சொல்ல யாருக்குப் பொழுதிருக்கிறது? விவரக்காரர் என்றே கூப்பிட்டார்கள். நாற்பத்தாறு வயது, சாது, வேலைக்கு வராத நாளில்லை. பதினேழு வருடத்தில் லட்சக்கணக்கான கோப்புகளுக்கு விவரம் எழுதியிருக்கிறார். ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால், பெரிய மருத்துவமனையிலிருந்து ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினான்கு படங்கள் வந்தன. மருத்துவமனைக்காரர்கள், காப்பகத்தில்தான் நூறு வருடம் பத்திரமாக இருக்கப்போகிறதே என்று தங்களிடம் இருந்ததை அழித்துவிட்டு நிம்மதியாகிவிட்டார்கள். எந்த எண் யாருடைய படம் என்று ஒரு பட்டியலும் கூடவே வந்தது. அது காகிதத்தில் இருந்தது. காகிதம் எண்மப் பொருள் அல்ல என்று குறிப்பெழுதி, காப்பகம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. போன பட்டியல் எந்த அலமாரியில் செத்ததோ, யாருக்கும் தெரியாது.

முதல் படம் என்ன என்று மட்டும் மருத்துவமனை எழுத்தர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். எக்ஸ்ரே பிரிவின் திறப்பு விழாவில் எடுத்த புகைப்படம். விவரக்காரர் அந்த முதல் படத்துக்கு அறுபத்து நான்கு கட்டத்தையும் ஆசையாசையாக நிரப்பினார். 'ரிப்பன் வெட்டும் விழா. உணர்வு: மகிழ்ச்சி. இடமிருந்து வலமாக: அதிகாரிகள், பொதுமக்கள்.' இரண்டாவது படத்துக்கு வந்தபோது மணி நாலே முக்கால். அரையாண்டு அறிக்கை ஐந்து மணிக்குப் போக வேண்டும். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். முதல் வரிசையின் மூலையைச் சுட்டியால் பிடித்தார். கீழ்நோக்கி இழுத்தார். அவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் ஒன்பதாயிரத்துச் சொச்சம் படங்களும் ரிப்பன் வெட்டும் விழாவாகிவிட்டன.

அந்த ஆண்டு 'மிக விரைவான, மிகச் சீரான விவரணை' என்பதற்கான கேடயம் அவருக்குக் கிடைத்தது. ஒரு விவரத்துக்கும் இன்னொரு விவரத்துக்கும் எள்ளளவும் முரண் இல்லை என்று நடுவர்கள் மனம் நெகிழ்ந்து எழுதியிருந்தார்கள். கேடயம் இயக்குநர் அறையில் தொங்குகிறது.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, விவரக்காரருடைய அக்கா காப்பகத்துச் சன்னலில் வந்து நின்றாள்.

அக்கா சட்டை தைக்கிற கம்பெனியில் காலர் வைக்கிறவள். முப்பது வருடமாக மெஷினில் உட்கார்ந்தவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு வெள்ளை.

"என்னக்கா, சன்னல்ல நிக்கிற? உள்ள வா."

"உள்ள வந்தா என் முதுகுலயும் சீட்டு ஒட்டிடுவீங்கடா. இங்கயே சொல்றேன், கேளு." அக்கா பையிலிருந்து ஒரு உறையை எடுத்தாள். "ரெண்டு வாரமா இருமல்னு போனேன்ல? எக்ஸ்ரே எடுத்தாங்க. நெஞ்சுல சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு நிழல் தெரியுதாம். டாக்டர் நல்ல மனுஷன். பழைய எக்ஸ்ரே ஏதாச்சும் இருக்காம்மான்னு கேட்டார். பன்னெண்டு வருஷம் முன்னாடி கம்பெனியில எங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போய் எடுத்தாங்களே, பஞ்சுத்தூசிக்காக, அது இருக்குன்னு சொன்னேன். அதைக் கொண்டு வாங்க, ஒரு பார்வை போதும்னார். அப்பவும் இந்தப் பொத்தான் இதே அளவுல இருந்திருந்தா அது பழைய தழும்பு, பேசாம வீட்டுக்குப் போகலாம். அப்ப இல்லாம இப்ப வந்திருந்தா, திங்கக்கிழமை நெஞ்சைத் திறந்து எடுத்துடணும்."

"திங்கக்கிழமையா? இந்தத் திங்களா?"

"ஆமாடா. ஆஸ்பத்திரியில கேட்டா, எல்லாம் உங்க காப்பகத்துல இருக்குன்னாங்க. அப்பாடான்னு இருந்துச்சு. என் தம்பி அங்கதான இருக்கான்னேன்."

விவரக்காரருக்கு நெஞ்சு பெருமையில் லேசாக நிமிர்ந்தது. "இருக்கும்க்கா. எங்ககிட்ட வந்தது எங்கயும் போகாது." அவர் கணினியில் 'நெஞ்சு' என்று தட்டினார். பதிவுகள் எதுவும் இல்லை. 'நுரையீரல்' என்று தட்டினார். இல்லை. 'எலும்பு', 'எக்ஸ்ரே', 'நோயாளி'. இல்லை, இல்லை, இல்லை. அப்புறம்தான் அவருக்கு அந்த நாலே முக்கால் மணி ஞாபகம் வந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடா?"

"இருக்குக்கா. வேற பேர்ல இருக்கு."

"என்ன பேரு?"

மெதுவாகச் சொன்னார்.

"என் நெஞ்சுக்குள்ள யாருடா வந்து ரிப்பன் வெட்டினாங்க?"

"அது ஒரு சின்னப் பிழைக்கா."

"அப்ப திருத்து."

"திருத்தணும்னா பிழைன்னு நிரூபிக்கணும். நிரூபிக்கணும்னா திறந்து பாக்கணும். திறந்தா தேதி மாறிடும். தேதி மாறினா அது காப்பகக் கோப்பே இல்ல. காப்பகத்துல இல்லாத கோப்போட விவரத்தை நான் எப்படிக்கா திருத்துறது?"

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அழுது விவரக்காரர் பார்த்ததில்லை. "எனக்குப் பயமா இருக்குடா" என்றாள். "கத்தி வெச்சா நாலு மாசம் மெஷின்ல உக்கார முடியாதாம். அப்புறமும் முன்ன மாதிரி மூச்சு இருக்காதாம். வேண்டியதுன்னா வெட்டிக்கிறேன். வேண்டாததுக்கு எதுக்குடா வெட்டிக்கணும்? உங்க ஃபைலைத் திறக்கக்கூடாது, என் நெஞ்சைத் திறக்கலாம், அப்படித்தானே?"

அன்று மத்தியானம் விவரக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை காலை இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். போய்ப் பார்த்தால், இயக்குநர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மலர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துணை இயக்குநர், தலையாட்டத் தயாராக.

"வாங்கய்யா. அடுத்த மாசம் நான் ஓய்வு பெறுறேன்ல, ஒரு மலர் போடுறோம். அட்டையில என் படம் வேணும். பன்னெண்டு வருஷம் முன்னாடி, நான் சுகாதாரத் துறையில சின்ன அதிகாரியா இருந்தப்ப, எக்ஸ்ரே பிரிவு திறப்பு விழாவுல ரிப்பன் வெட்டினேன். சிறப்பு விருந்தினர் வரலை. கத்திரிக்கோலை என் கையில குடுத்துட்டாங்க." அந்த நாளை நினைத்து அவர் குரல் தழுதழுத்தது. அவர் ஆயுசிலேயே வெட்டிய ஒரே ரிப்பன் அதுதான். "இன்னைக்குக் காலையில நானே தேடிப் பாத்தேன். ரிப்பன்னு தட்டினேன். எத்தனை வந்துச்சு தெரியுமா? ஒன்பதாயிரத்து இருநூத்திப் பதினாலு! அவ்வளவா வெட்டியிருக்கேன்?"

"உங்க அடக்கம் சார்" என்றார் துணை இயக்குநர். "அதனாலதான் ஞாபகம் வெச்சுக்கல."

"எல்லாத்தையும் திறங்க. எது நல்லா இருக்கோ அதை அட்டையில போடலாம்."

விவரக்காரர் நினைவூட்டினார். "சார், முதல் விதி..."

"அது பொதுமக்களுக்கு. இது வரலாறு."

விவரக்காரருக்கு அந்த நிமிடம் மண்டையில் ஒன்று உறைத்தது. உண்மையான ரிப்பன் இருப்பது முதல் கோப்பில். முதலிலிருந்து திறந்தால் அரை நிமிடத்தில் வேலை முடிந்து, கதவு மறுபடி சாத்திக்கொள்ளும். கடைசியிலிருந்து திறந்தால், நடுவில் எங்கோ அக்கா இருக்கிறாள்.

"சார்" என்றார், "வரலாற்றைக் கடைசியிலிருந்து தொடங்குறதுதான் இப்ப முறைன்னு சொல்றாங்க."

"யாரு சொல்றா?"

"மாநாடுகள்ல சார்."

இயக்குநர் புருவத்தை உயர்த்தித் தலையசைத்தார். "ஆமாம், நானும் கேள்விப்பட்டேன்."

பதினோரு பேர் குழுவும் கூடிவிட்டது. கடைசிக் கோப்பை அழுத்தினார்கள். 'இதை எதைக் கொண்டு திறப்பது?' என்று கணினி மரியாதையாகக் கேட்டது. பதினோரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விவரச்சீட்டை விரித்துப் பார்த்தார்கள். கோப்பு எழுப்பும் உணர்வு மகிழ்ச்சி என்று தெரிந்தது, திறக்கிற வழி தெரியவில்லை. கடைசியில் துப்புரவு செய்கிற அம்மாதான், மருத்துவமனையிலிருந்து படங்களோடு ஒரு பழைய பெட்டியும் வந்ததே, அதன் மேல்தான் குடிதண்ணீர் கேன் வைத்திருக்கிறோம் என்று சொன்னார். கேனை இறக்கினார்கள். அது கணினிதான். நாலைந்து தடவை இருமிவிட்டு உயிர் பெற்றது.

கடைசிப் படம் திறந்தது. கறுப்புப் பின்னணி. இரண்டு பக்கமும் வளைந்து வளைந்து வெள்ளைக் கோடுகள்.

இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "என்னய்யா இது?"

துணை இயக்குநர் விவரச்சீட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "வரவேற்பு வளைவு சார். விழாவுக்குப் போட்டிருப்பாங்க. எவ்வளவு நெருக்கமா கட்டியிருக்காங்க பாருங்க."

"நான் எங்க?"

"வளைவுக்குப் பின்னாடி நிக்கிறீங்க சார்."

"மூலையில ஏதோ பேர் எழுதியிருக்கே?"

"படம் எடுத்தவர் பேரு சார்."

அடுத்த படம் விரித்த கை, வெறும் எலும்பு. "கைதட்டுறாங்க சார்" என்றார் துணை இயக்குநர். அடுத்தது முழங்கால். "மைக்." இப்படி இருபது படம் வரை போயிற்று. இருபத்தோராவது, ஒரு மண்டை ஓடு. பல்லெல்லாம் தெரிய எல்லோரையும் பார்த்தது.

"சிறப்பு விருந்தினரா இருக்கும் சார்" என்றார் துணை இயக்குநர்.

"இருக்கவே முடியாது" என்று இயக்குநர் மேசையைத் தட்டினார். "அவர்தான் வரவே இல்லையே! இந்தப் படம் தப்பு."

கதவைச் சாத்திவிட்டு அவசரக் கூட்டம் நடந்தது. விவரக்காரர் மூலையில் நின்றார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. சார், விவரம்தான் தப்பு, நான்தான் இழுத்தேன். நிமிர்ந்து பார்த்தார். சுவரில் கேடயம் பளபளவென்று தொங்கியது. வந்த வார்த்தையை அப்படியே விழுங்கிவிட்டார். ஒரு மணி நேரத்தில் தீர்மானம் தட்டச்சாகி வந்தது:

"விவரச்சீட்டுகள் கேடயம் பெற்றவை. படங்கள் எவ்விதப் பரிசும் பெற்றதாகப் பதிவில்லை. ஆதலால் பிழை படங்களின் பக்கமே இருத்தல் வேண்டும் என இக்குழு ஒருமனதாக முடிவு செய்கிறது. காலப்போக்கில் படங்கள் தத்தம் விவரத்தினின்றும் வழுவியுள்ளன. அங்ஙனம் வழுவிய படங்கள் அனைத்தும், மூலப் படம் கண்டறியப்பட்டவுடன், அதனைக் கொண்டு விவரத்திற்கு இணங்கச் செய்யப்படும். இப்பணி வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் முடிக்கப்பட வேண்டும்."

அதாவது, ரிப்பன் வெட்டும் படம் கிடைத்ததும், அதை ஒன்பதாயிரம் இடத்திலும் ஒட்டிவிடுவது. அடியில் கிடக்கிற எலும்புகளுக்கு அத்தோடு முழுக்கு. தேடும் பொறுப்பு விவரக்காரருடையது.

புதன் மத்தியானம் தொடங்கி வியாழன் சாயங்காலம் வரை அவர் அந்தப் பழைய பெட்டியின் முன்னால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் எட்டிப் பார்த்து, "கிடைச்சுதா?" என்பார்கள். "இன்னும் இல்ல" என்பார். பதினேழு வருடத்தில் முதல் தடவையாக, தான் விவரம் எழுதியது எதற்கு என்று பார்த்தார். ஒரு குழந்தையின் உடைந்த மணிக்கட்டு. யாரோ விழுங்கிவிட்ட ஊக்கு, வயிற்றுக்குள் விரிந்தபடி. நெஞ்சு, நெஞ்சு, இன்னும் நெஞ்சு. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு பெயர். எல்லாவற்றின் கீழேயும் அவர் எழுதிய 'உணர்வு: மகிழ்ச்சி'. சில இடத்தில் அவரால் பார்க்க முடியவில்லை, வேகமாகத் தள்ளிவிட்டார்.

வியாழன் நாலரை மணிக்கு, எண் மூவாயிரத்து முன்னூற்றேழில், மூலையில் அக்காவின் பெயர் இருந்தது. வலது பக்கம், மூன்றாவது எலும்புக்கு மேலே, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு நிழல். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தின நிழல். அவர் கைபேசியை எடுத்துத் திரையை நாலு தடவை படம் பிடித்துக்கொண்டார். அப்புறம் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் புதிய எக்ஸ்ரேயையும் கைபேசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"அதே இடம், அதே அளவு. பழைய தழும்பும்மா. வீட்டுக்குப் போய் நல்லாச் சாப்பிடுங்க, இருமலுக்கு மருந்து தர்றேன். திங்கக்கிழமை வர வேண்டாம்." அப்புறம் விவரக்காரரிடம் திரும்பினார். "சார், அந்தப் பழைய படமெல்லாம் உங்ககிட்ட இருக்கா? இதே மாதிரி பழைய படம் இல்லாம தவிக்கிறவங்க என்கிட்டயே ஏழெட்டுப் பேர் இருக்காங்க. பேர் எழுதிக் குடுத்தா தேடித் தருவீங்களா?"

"பாக்கலாம் டாக்டர்" என்றார் விவரக்காரர். "முறைப்படி விண்ணப்பிக்கச் சொல்லுங்க."

மருத்துவமனைப் படியில் இறங்கும்போது அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. கீழ்ப்படிக்கு வந்ததும் திடீரென்று நின்றாள்.

"டேய், எங்க கம்பெனியில பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுக்கிறாளே, காஜாக்கா, அவளும் ஒரு மாசமா இருமுறாடா. அவளுக்கும் பழைய படம் கேட்டிருக்காங்க. அன்னைக்கு வரிசையில எனக்கு அடுத்து நின்னவ அவதான். என்னுதுக்குப் பக்கத்துலயே இருக்கும் பாரு."

அக்காவுக்கு அடுத்தது என்றால் மூவாயிரத்து முன்னூற்றெட்டு. கடைசியிலிருந்து வந்ததால், அக்காவைப் பார்ப்பதற்கு சில நொடி முன்னால்தான் அதைத் திறந்து தள்ளியிருந்தார். விவரக்காரருக்கு மனசு குறுகுறுத்தது. ஐந்து மணிக்கு இன்னும் பொழுது இருந்தது. ஒரே ஒரு கோப்பு, ஒரே ஒரு தட்டு.

"பாக்கலாம்க்கா. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. ஒருத்தருக்குத் தெரிஞ்சா நூறு பேர் வந்து நிப்பாங்க. அப்புறம் நான் எப்படி எழுதினேன்னு கேள்வி வரும். கேடயம், வேலை..."

அக்கா யோசித்தாள். சன்னலில் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்ட அதே அக்காதான். இப்போது அவள் முகம் மூன்று நாளுக்குப் பிறகு தெளிந்திருந்தது, அதைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

"ஐயோ, அப்ப வேண்டாம்டா" என்றாள். "நீ மாட்டிக்காத. நமக்குக் கிடைச்சுதே, அது போதும். அவ அவளோட வழியில பாத்துக்கட்டும்."

நாலே முக்கால் மணிக்கு விவரக்காரர் முதல் கோப்பைத் திறந்தார். பெரிய வாசல், குறுக்கே ரிப்பன், கையில் கத்திரிக்கோலோடு இளமையான இயக்குநர், சுற்றிலும் கூட்டம். இயக்குநர் ஓடி வந்து பார்த்துவிட்டு அவரை அப்படியே கட்டிக்கொண்டார். "கண்டுபிடிச்சிட்டீங்களேய்யா!" என்றார். துணை இயக்குநர் கைதட்டினார், இந்தத் தடவை சதையுள்ள கையால். அப்புறம் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, விவரக்காரர் அந்தப் படத்தின் மூலையைச் சுட்டியால் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தார். குழந்தையின் மணிக்கட்டு, விழுங்கின ஊக்கு, மூவாயிரத்து முன்னூற்றெட்டு, எல்லாம் ஐந்து மணிக்குள் விவரத்துக்கு இணங்கிவிட்டன.

அந்த ஆண்டறிக்கை மாதிரி ஒன்றை யாரும் கண்டதில்லை. "விவரத்திற்கும் பொருளுக்கும் இடையே நூறு சதவீத இணக்கம் எட்டப்பட்டுள்ளது. இனி ஒளிக்க ஏதுமின்மையால், முதல் விதி தளர்த்தப்படுகிறது. பொதுமக்கள் எவர் கேட்பினும், கேட்ட அன்றே படத்தின் பிரதி வழங்கப்படும்." காப்பகம் பிறந்த நாளிலிருந்து மக்கள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானே! பத்திரிகைகள் பாராட்டின. சன்னலுக்கு மேலே 'அனைவருக்கும் அணுகல்' என்று புதுப் பலகை வைத்தார்கள். இரண்டாவது கேடயமும் வந்தது. விவரக்காரர் அந்தச் சன்னலுக்கே பொறுப்பாளராக உயர்ந்தார்.

மூன்றாவது வாரம், ஒல்லியான ஒரு அம்மா இருமிக்கொண்டே வந்து நின்றாள். ஆட்காட்டி விரல் நுனி, வருடக்கணக்கில் காஜா எடுத்துத் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது.

"தம்பி, உங்க அக்காகூட வேலை செய்றேன். பன்னெண்டு வருஷத்துக்கு முந்தின என் எக்ஸ்ரே வேணும். டாக்டர் கேட்டார். அது வந்தாத்தான் வெட்டணுமா வேண்டாமான்னு சொல்ல முடியுமாம்."

விவரக்காரர் எண்ணைத் தட்டினார். மூவாயிரத்து முன்னூற்றெட்டு. அச்சுப்பொறி கறகறவென்று ஒரு தாளைத் துப்பியது. முத்திரை வைத்து, சன்னல் வழியாக நீட்டினார். முன்பெல்லாம் இங்கே எதுவும் தரமாட்டார்கள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவு சீக்கிரமா என்று வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டாள்.

தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு வாசல், ஒரு ரிப்பன், கத்திரிக்கோலோடு ஒரு அதிகாரி. கீழே முத்திரை, அசல் பிரதி என்று.

"தம்பி, இதுல நான் எங்க இருக்கேன்?"

விவரக்காரர் நிமிரவில்லை. பதிவேட்டில் அவளுடைய எண்ணை எழுதிக்கொண்டிருந்தார்.

"நிறைய பேர் நிக்கிறாங்க இல்ல? பின்னாடி கூட்டத்துல இருப்பீங்கம்மா. நல்லாப் பாருங்க."

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இருமல் வந்தது, அடக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். கடைசி வரிசையில், யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் தெரிந்த ஒருத்தியின் மேல் விரலை வைத்தாள்.

"ஆமா, இது நான்தான் போலிருக்கு" என்றாள். "அப்ப நல்லாத்தான் இருந்திருக்கேன்." தாளை மடங்காமல் பையில் வைத்துக்கொண்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, ரொம்ப நன்றி தம்பி என்று சொல்லிவிட்டு, டாக்டரிடம் காட்டப் போனாள்.